கேப்டன் அமெரிக்காவை வெல்டு செய்த கைகள்

நீண்டு நிற்கும் முன் ஃபோர்க், பெட்ரோல் டேங்கில் அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்களும் பட்டைகளும், பின்னால் முதுகுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கம்பி. 1969இல் வெளிவந்த 'ஈஸி ரைடர்' படத்தைப் பார்க்காதவர்கள்கூட இந்த வண்டியைப் போஸ்டரிலோ டி-ஷர்ட்டிலோ பார்த்திருப்பார்கள். பீட்டர் ஃபோண்டா ஓட்டிய 'கேப்டன் அமெரிக்கா' அது. கட்டுகளை உதறிவிட்டுக் கிளம்பும் வெள்ளை இளைஞனின் அடையாளமாக அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதை விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வண்டியை உருவாக்கியவர்கள் இரண்டு கறுப்பர்கள். வடிவம் முதல் உதிரிபாகம் வரை வேலையை ஒருங்கிணைத்தவர் கிளிஃபர்ட் வாஸ். அதைச் செய்து முடித்தவர், தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் பட்டறை வைத்திருந்த பென் ஹார்டி. படத்தின் பெயர்ப் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை.

சாப்பர் என்றால் வெட்டிக் குறைத்த வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள் கனத்த ஹார்லி வண்டிகளை வாங்கி, முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டை நறுக்கி, வேகத்துக்காக எடையைக் குறைத்ததில் தொடங்கியது இந்த வழக்கம். பிறகு வேகம் பின்னுக்குப் போய் உருவம் முன்னுக்கு வந்தது. ஃபோர்க்கைத் தாங்கும் கழுத்துப் பகுதியை ஃபிரேமிலிருந்து அறுத்து, சாய்வைக் கூட்டி, மறுபடி வெல்டு செய்வார்கள். சாய்வு கூடினால் நேர்ச் சாலையில் வண்டி அசையாமல் போகும். ஆனால் மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில்பார் கனக்கும். அந்த ஒரு வெல்டிங் விட்டுப்போனால் ஓட்டுகிறவர் உயிரோடு இருக்க மாட்டார். கண்ணளவும் கைப்பழக்கமும் சேர்ந்தால்தான் இது நடக்கும். பட்டறையில் நின்று கற்றவர்களுக்கு வாய்த்த கணக்கு அது. அதைக் 'கைவேலை' என்று ஒதுக்கிவிட்டு, காகிதத்தில் படம் போடுகிறவரை மட்டும் படைப்பாளி என்று அழைப்பது எவ்வளவு பழைய தந்திரம் என்பது நமக்குத் தெரியாததல்ல.

படத்துக்காக வாங்கியவை லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை ஏலம் விட்ட பழைய ஹார்லி வண்டிகள். 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்து 34 பேர் உயிரிழந்தார்களே, அதே நகரத்தின் காவல்துறைதான். மூன்றே ஆண்டுகளுக்குள் அந்தக் காவல்துறை கழித்துப்போட்ட வண்டிகளை எடுத்து, அமெரிக்காவின் 'சுதந்திரக் குதிரை'யாக மாற்றிக் கொடுத்தார்கள் ஹார்டியும் வாஸும்.

வாஸைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். சினிமாவுக்கு வண்டி செய்து கொடுத்தவர் என்பது அவருடைய வாழ்க்கையில் ஒரு பகுதி மட்டுமே. மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவில், அதாவது தென் மாநிலங்களில் கறுப்பர்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எஸ்.என்.சி.சி.யில், புகைப்படக்காரராகவும் களப்பணியாளராகவும் இருந்தவர். 1964இல் மேரிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் துருப்புகள் அவரைக் கையையும் காலையும் பிடித்து இழுக்கும் புகைப்படம் இன்றும் அந்தப் போராட்டத்தின் முக்கிய ஆவணங்களில் ஒன்று. அவர் தன் சாப்பரிலேயே தென் மாநிலங்களில் பயணம் செய்தார். கறுப்பர் ஒருவர் தன் கையால் செய்த வண்டியில், தலை நிமிர்ந்து, அலபாமா சாலையில் போவது அன்றைக்கு எப்பேர்ப்பட்ட செயல் என்று யோசித்துப் பாருங்கள்.

'ஈஸி ரைடர்' கதையிலும் இரண்டு பேர் சாப்பரில் தெற்கே போகிறார்கள், வெறுப்பால் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். ஆனால் அந்த இருவரும் வெள்ளையர்கள். கறுப்பின மக்கள் பெரும்பாலும் சாலையோரத்தில் கடந்துபோகும் முகங்களாகவே வருகிறார்கள். தெற்கில் சாப்பர் ஓட்டும் ஆபத்தை உண்மையிலேயே அனுபவித்தவர் செய்து கொடுத்த வண்டி திரையில் ஓடுகிறது. அவர் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் படப்பிடிப்புக்குப் பிறகு குழுவிலிருந்து நீக்கப்பட்டவர்களில் வாஸும் ஒருவர்.

அந்தக் காலத்தில் படத்துக்குச் சாமான் செய்து கொடுத்தவர்களின் பெயரை யாரும் போடவில்லையே, இதில் நிறவெறி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெயர்ப் பட்டியலோடு முடிந்திருந்தால் நாமும் விட்டிருக்கலாம். பிறகு நடந்ததைப் பாருங்கள். வண்டியின் வடிவத்துக்கான பெருமை பல ஆண்டுகள் ஃபோண்டாவின் பக்கமே சேர்ந்தது. 1998இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் மோட்டார் சைக்கிளைக் கலையாக முன்வைத்துக் கண்காட்சி நடத்தியபோது, இந்த வண்டியின் நகலும் அங்கே நின்றது. 2003இல் தொடங்கிய 'அமெரிக்கன் சாப்பர்' போன்ற தொலைக்காட்சித் தொடர்கள் இந்தத் தொழிலையே வெள்ளைக் குடும்பச் சண்டையாக உலகத்துக்குக் காட்டின. 2014இல், படத்தில் ஓடிய வண்டி என்று சொல்லப்பட்ட ஒன்று 13 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. அது உண்மையான வண்டிதானா என்ற தகராறு அப்போதே கிளம்பியது. படத்துக்காகச் செய்த வண்டிகளில் ஒன்று கடைசிக் காட்சியில் சிதைக்கப்பட்டது, மற்றவை திருடுபோயின என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை. ஹார்டி 1994இலேயே இறந்துவிட்டார். வாஸ் அந்த ஏலத்தின்போது உயிரோடுதான் இருந்தார், 2016இல் இறந்தார். பால் டோர்லியான் போன்ற மோட்டார் சைக்கிள் வரலாற்றாளர்கள் தேடி எழுதிய பிறகுதான் இந்த இரண்டு பெயர்களும் பரவலாக வெளியே வந்தன.

இவர்கள் இருவரும் விதிவிலக்கான திறமைசாலிகள் என்று கடந்துபோய்விடவும் கூடாது. அமெரிக்க மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் சங்கம் 1950கள் வரை வெள்ளையர்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. உள்ளே விடாதவர்களுக்காகக் காத்திருக்காமல் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று சங்கங்களைக் கட்டினார்கள். 1959இல் ஓக்லாந்தில் தொடங்கிய ஈஸ்ட் பே டிராகன்ஸ் அவற்றில் ஒன்று. சாப்பர் அவர்களுடைய தெருவிலும் வளர்ந்த கலை. ஓரமாக ஒட்டிக்கொள்ள வந்தவர்கள் அல்ல அவர்கள்.

இனவெறியும் சாதியும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். ஆனால் வண்டியில் யார் நிமிர்ந்து போகலாம் என்று கணக்குப் பார்க்கிற ஊர்கள் நம்மிடமும் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல் ஆதிக்கச் சாதியினர் செய்தது என்பது குடும்பத்தாரின் புகார். மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். வண்டி பிடித்த கைகளைத்தான் தேடி வெட்டியிருக்கிறார்கள்.

அரிவாள் இல்லாத இடங்களில் இது வேறு மாதிரி நடக்கிறது. 'ஆல்டர்' செய்த வண்டிகளின் படங்களும் வீடியோக்களும் இன்று நம் கைபேசிகளில் நிறைந்து கிடக்கின்றன. வண்டிக்கு ஒரு பெயர் இருக்கும், உரிமையாளருக்கு ஒரு பெயர் இருக்கும், கடைக்கு ஒரு லோகோ இருக்கும். டேங்கைத் தட்டி வடிவத்துக்குக் கொண்டுவந்த டிங்கர், லேத்தில் புஷ் கடைந்தவர், புகையில் நின்று பெயிண்ட் அடித்தவர், புதுப்பேட்டையில் அலைந்து பழைய பாகம் தேடி எடுத்துவந்த பையன் ஆகியோரின் பெயர்களை எங்கே பார்த்தோம்? அந்த வேலைகளுக்கு யார் யார் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர்களில் சிலருக்கு அது அண்ணனின் கதையாகவோ அப்பாவின் கதையாகவோ இருக்கும்.

பைக் கண்காட்சி நடத்தும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஒரு அட்டை வைக்கிறீர்கள், அதில் எஞ்சின் எத்தனை சி.சி. என்றுகூட எழுதுகிறீர்கள். வெல்டிங் யார், பெயிண்ட் யார், லேத் வேலை யார் என்பதையும் அதில் எழுதுங்கள். பரிசு கொடுக்கும்போது அவர்களையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். பட்டறை வைத்திருக்கும் தோழர்களே, செய்த வண்டி வெளியே போவதற்கு முன் அதைப் படம் எடுத்து, வேலை செய்த அத்தனை பேரின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஹார்டியின் பட்டறையிலிருந்து அப்படி ஒரு நோட்டு கிடைத்திருந்தால் 2014இல் அந்தத் தகராறுக்கே இடம் இருந்திருக்காது.