சங்கிலியில் கிடப்பது காவல் நாய் அல்ல

போன ஆண்டு தை மாதம் எங்கள் கொறங்காட்டுப் பட்டியில் ஒரே இரவில் ஏழு செம்மறிகள் செத்துக் கிடந்தன. கழுத்திலும் தொடையிலும் கடி. தின்றது கொஞ்சம்தான், துரத்தித் துரத்திக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. பட்டியிலிருந்து நூறடி தள்ளிச் சாளை வாசலில் எங்கள் நாய் இருந்தது, இரண்டு முழச் சங்கிலியில். இரவெல்லாம் குரைத்தது. அது எப்போதும் குரைக்கிற நாய்தானே என்று நாங்கள் யாரும் எழுந்து பார்க்கவில்லை.

காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிய கதை அல்ல. செத்த ஆடுகளோடு வந்து இழப்பீடு கேட்டுப் போராடியிருக்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை. ஆனால் அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன என்று நாம் பேசுவதில்லை. உங்கள் தெருவில் போன முறை நாய் குட்டி போட்டபோது என்ன நடந்தது? கடுவன் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போனார்கள். பெட்டைக் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டு, ஊர் எல்லையிலோ கோழிக்கறிக் கழிவு கொட்டும் இடத்திலோ போய்ச் சேர்ந்தன. ஒரு பெட்டை ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு நான்கு, ஐந்து என்று. கழிவு தின்று கூட்டமாக வளர்ந்தவை ஒரு நாள் பட்டிக்கு வருகின்றன. அவை காட்டில் பிறந்த ஓநாய்கள் அல்ல; நாம் வேண்டாமென்று விட்டவை.

முதலில் கட்டிக் கிடக்கும் நாயைப் பார்ப்போம். பகலெல்லாம் குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு உங்கள் தோட்டத்தின் எல்லை தெரியாது. அது காற்றில் அசையும் தென்னை மட்டைக்கும் குரைக்கும், திருடனுக்கும் குரைக்கும். உங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போகும். அவிழ்த்துவிட்ட நாளில் எதிரே வரும் பால்காரரைக் கடிக்கும். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, நியாயமற்ற குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் குற்றம் என்கிறது. சட்டம் இருக்கட்டும், ஏழு ஆடு போனபின் எனக்குக் கணக்கே போதுமானதாக இருந்தது.

நான்கு ஆண்டு சங்கிலியில் கிடந்த நாயைப் பழக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும், பொறுமை வேண்டும். நீளமான கயிற்றில் காலையும் மாலையும் வேலியோரமாக நடத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தவுடன் ஒரு துண்டு கருவாடோ அவித்த முட்டையோ கொடுங்கள். 'வந்தவுடன்' என்பதுதான் முக்கியம். எந்தச் செயலுக்கு என்ன கிடைத்தது என்பதை நாய் அந்த ஒன்றிரண்டு நொடிக்குள்தான் சேர்த்துப் புரிந்துகொள்ளும். கோழியைத் துரத்திவிட்டு நீங்கள் கூப்பிட்டதும் திரும்பி வந்த நாயை அடித்தால், கோழியைத் துரத்தியதற்காக அடி என்று அதற்குத் தெரியாது. கூப்பிட்டால் போனால் அடி என்றுதான் படித்துக்கொள்ளும். அடுத்த முறை வராது. மாட்டை அடித்து ஓட்டிப் பழகிய கை நமக்கு. இதை மாற்றுவதுதான் கடினம், நாயைப் பழக்குவது அல்ல.

அடுத்தது, புதிதாக நாய் வாங்க நினைப்பவர்கள். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை எல்லாம் நம் பெருமைதான். ஆயிரக்கணக்கில் கொடுத்து, சடை முடி வெளிநாட்டு நாயை வாங்கிப் பங்குனி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கட்டுவதற்கு எனக்கு மரியாதையான வார்த்தை கிடைக்கவில்லை. சாக்கில் கட்டி விடப்பட்ட அந்தப் பெட்டைக் குட்டியே போதும். அமெரிக்காவில் நவஹோ பழங்குடியினர் எந்த இனப் பெயரும் இல்லாத கலப்பு நாய்களையே குட்டியிலிருந்து ஆட்டோடு வளர்த்துக் காவலுக்கு வைத்தார்கள். இனத்தை விட வளர்ப்புதான் பேசுகிறது.

எட்டு வாரக் குட்டியாகப் பட்டியின் ஒரு மூலையில் தடுப்பு வைத்து விடுங்கள். ஆட்டின் வாசனை அதற்குப் பழகட்டும். விளையாட்டாகத் துரத்தினால் அப்போதே தடுத்துத் தனியே கொண்டுபோய் விடுங்கள். இளங்குட்டி ஆடுகளோடு முதல் ஆண்டு தனியாக விடவே கூடாது. ஒன்றரை வயது தாண்டினால்தான் நம்பலாம். வளர்ந்த நாயை எடுத்து வளர்ப்பதும் நல்லதே. ஆனால் ஆட்டைக் கடித்துப் பழகிய நாயைப் பட்டிக்குக் கொண்டுவராதீர்கள். ஆடில்லாத தென்னந்தோப்புக்கு அது பொருந்தலாம்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும்போது ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். ஆறு மாதம் தாண்டினால் கருத்தடை. பழைய சோறு மட்டும் போதாது, வேகவைத்த கோழிக் கழிவு சேருங்கள். சின்ன வெங்காயம் மிதக்கும் சாம்பாரை ஊற்றாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

ஆடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது குடற்புழு. ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூளையில் நீர்க்கட்டி இருக்கலாம். அறுத்த ஆட்டின் தலையைப் பச்சையாக நாய்க்குப் போடுகிறோம். கட்டியிலிருந்து நாயின் குடலில் நாடாப்புழு வளர்கிறது, முட்டை சாணத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுகிறது, புல்லோடு மறுபடி ஆட்டுக்குள் போகிறது. தலையை வேகவைத்துப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாய்க்குப் பிராசிகுவான்டல் மாத்திரை கொடுத்தால் இந்தச் சுற்று அறுபடும். களப்பணியாளர்களே, ஆட்டுக்குப் புழு மருந்து கொடுக்கும் முகாமுக்கு நாயையும் பிடித்து வரச் சொல்லுங்கள். ஜூலை 6-லும் செப்டம்பர் 28-லும் கால்நடை மருந்தகங்களில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடப்பது வழக்கம்; முன்கூட்டி ஊருக்குச் சொல்லுங்கள்.

செத்த ஆட்டில் குருணை மருந்து தடவி வைக்கும் வழக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆடுகள் செத்த அன்று எனக்கும் அந்த யோசனை சொன்னார்கள். அதில் நாயோடு பருந்தும் கீரியும் சாகும், பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாயும் சாகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அதோடு, கருத்தடை செய்யாத மிச்ச நாய்கள் அடுத்த ஆண்டே அந்த இடத்தை நிரப்பிவிடும். 2023-ஆம் ஆண்டு விதிகள் தெருநாய்க் கருத்தடையை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் வைத்துள்ளன. கிராம சபையில் இழப்பீட்டோடு இதையும் தீர்மானமாகக் கேளுங்கள்.

எங்கள் பழைய நாய் இப்போது இரவில் அவிழ்ந்தே இருக்கிறது. குரைப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. குரைத்தால் எழுந்து போகிறோம். சந்தைக்குப் பின்னால் கிடந்த ஒரு பெட்டைக் குட்டியையும் எடுத்து வந்தோம். பத்து மாதம் ஆகிறது, கருத்தடை முடிந்தது. செம்மறிகளோடு படுக்கிறது, கோழியை இன்னும் துரத்துகிறது. அதை முழுதாக நம்ப இன்னும் எட்டு, பத்து மாதம் ஆகும். அதுவரை பட்டியைச் சுற்றிக் கம்பி வலை அடித்திருக்கிறேன்.