அடிக்கிற கைதான் அணைக்குமா?

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பது பழமொழி. பிள்ளையைக் கண்டிக்கும் தாய்க்கு அது பொருந்தலாம். மனைவியை அடிக்கும் கணவனுக்கும் அதையே சொல்லிச் சமாதானம் செய்கிறார்களே, அதை நாங்கள் ஏற்கவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். அகில இந்திய அளவில் 29 பேர்தாம். கல்வியில் முன்னிற்கிறோம் என்று பெருமை பேசும் நாம் இதற்கு என்ன விடை சொல்வோம்?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இச்சட்டப்படி அடி மட்டுமன்று, இழிசொல்லும், செலவுக்குப் பணம் தராமல் வருத்துவதும் வன்முறையே. தாயும் சகோதரியும்கூட முறையிடலாம். பாதுகாப்பு அலுவலரிடமோ, நேராகக் குற்றவியல் நடுவரிடமோ மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத பெண்ணுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். நடுவர் பாதுகாப்பு ஆணை பிறப்பித்தால், அவன் அவளைத் துன்புறுத்தக் கூடாது. அவள் வேலை செய்யும் இடத்திற்கோ, பிள்ளை படிக்கும் பள்ளிக்கோ செல்லவும் தடை விதிக்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"கோர்ட்டுப் படி ஏறினால் குடும்பம் என்னாவது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பாதுகாப்பு ஆணை விவாகரத்து அன்று. திருமணம் அப்படியே இருக்கிறது. ஓங்கிய கையை மட்டும் சட்டம் பிடித்துக்கொள்கிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கணவனோடு வாழ்ந்த அவ்வீட்டில் வசிக்க அவள் உரிமை கோரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

குறையும் உண்டு. 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாக்களோ நீண்டுகொண்டே போகின்றன. மிளகாய்ப் பழம் பறித்துக் கூலி வாங்கும் பெண், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏற வேண்டும். சட்டம் எழுதியவர்கள் இதை எண்ணினார்களோ, என்னவோ!

நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் நம் ஊருடையது. அதில் ஒரு மடை உடைந்தால் ஊரே மண்வெட்டியோடு ஓடும். அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் மட்டும், "புருஷன் பெண்டாட்டி விவகாரம்" என்று சன்னலைச் சாத்துகிறோம். அக்கம்பக்கத்தார் யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு வராது என்று சட்டமே உறுதி கூறுகிறது. 181 என்ற இலவசத் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது. பெற்றோர் கூட்டத்திற்கு வரும் தாய்மாரின் கண்ணில் படும்படி, அந்த எண்ணை நம் பள்ளி அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிவைக்கத் தலைமை அருட்சகோதரி அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்.