தொலைக்காவல்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைத்தார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அம்மருந்தை அருகிலிருந்து கொடுப்பவன் ஒருவன். இந்நான்காமவனைச் சுட்டும்போது அவர் 'உழை' என்னும் சொல்லை ஆண்டுள்ளார். உழை என்பது பக்கம் எனப் பொருள்படும். பக்கத்தில் இயங்குபவரே செவிலிப் பணிக்கு உரியவர் என்பது அச்சொல்லாலேயே பெறப்படும். இக்காலத்திலோ நோயாளர் ஓர் ஊரிலும், அவரைப் பேணும் செவிலியர் வேறோர் ஊரிலும் இருக்கின்றனர். இதனைச் செவிலிப் பணி என்னலாமா, ஆகாதா என்பதே யான் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவனுக்குக் கருவிகளைப் பற்றிப் பேச என்ன தகுதி உண்டு என்று மாணவர் சிலர் வினவலாம். என் தமக்கையார் எழுபத்தாறு வயதினர், கணவரை இழந்தவர், மைந்தர் இருவரும் அயல்நாட்டில் இருக்கச் சிற்றூர் ஒன்றில் தனித்து வாழ்பவர். அதுவே என் தகுதி.

அவர் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்குகிறது. அதனை அழுத்தினால் தொலைவிலுள்ள ஓர் அலுவலகத்தில் மணி ஒலிக்கும். நாள்தோறும் காலையில் கையிற் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளக்கிறார். அவ்வெண்கள் உடனே செவிலியின் மேசைக்குச் சென்றுவிடுகின்றன. "அம்மா, மாத்திரை உண்டீர்களா?" என்று அப்பெண் தொலைபேசியிற் கேட்கிறாள். தொடக்கத்தில் யான் இதனை எள்ளி நகையாடினேன். ஆயினும் இம்முறை நேற்று முளைத்ததன்று. ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் ஐந்தோவன் என்னும் அறிஞர், 1905ஆம் ஆண்டிலேயே மருத்துவமனையிற் கிடந்த நோயாளரின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்திற் பதிவு செய்தார்.

தொலைவிலிருந்து காத்தல் மருத்துவத்திற்கு மட்டும் உரியதன்று. நீலமலையிற் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர், சிங்காராவிற் பொறிகளைச் சுழற்றுகிறது. அதே மலையிற் குந்தாத் திட்டத்தின் நிலையங்கள் கனடா நாட்டின் துணையுடன் 1960 முதற் படிப்படியாக எழுந்தன. அங்கு மேல் நிலையம் விடும் நீரே கீழ் நிலையத்திற்கு உணவு. ஆதலின் ஒருவர் செயலை மற்றவர் அறியாது பணி செய்தல் இயலாது. நாட்டின் மின்னோட்டம் நொடிக்கு ஐம்பது அலைவு என்னும் அளவிலிருந்து பிறழாதிருக்க, எந்நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்பதைத் தொலைவிலுள்ள ஆணை நிலையம் கூறுகிறது. மாலையில் விளக்குகள் ஏற்றப்படும் வேளையிற் சில நிமிடங்களுக்குள் ஓட வல்லது நீர்ப்பொறி. இவ்வளவும் கருவிகளின் வெற்றியே.

எனினும் உருசிய நாட்டில் எனிசேய் ஆற்றின்மேல் அமைந்த சயானோ-சூசென்சுக்காயா என்னும் பெருநிலையத்தில் 2009 ஆகத்து 17ஆம் நாள் நிகழ்ந்ததை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் நடுங்குகிறது. இரண்டாம் பொறியின் அதிர்வு வரம்பு கடந்திருந்தது. கருவி அதனைக் காட்டியும் பொறி நிறுத்தப்படவில்லை. மூடியைப் பிணித்திருந்த ஆணிகள் முறிந்தன, பொறி மேலெழுந்தது, வெள்ளம் கூடத்தினுட் புகுந்தது, எழுபத்தைவர் மாண்டனர். மின்சாரமே அற்றுப்போனமையால், அணையின் உச்சியிலிருந்த வாயில்களை உள்ளிருந்து மூட இயலவில்லை. பணியாளர் சிலர் உச்சிக்கு ஏறிச் சென்று அவற்றைக் கையாலேயே மூடினர். அதற்கு ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. கண்டறிந்த கருவியினும், மூடிய கைகளே அன்று எஞ்சியோரைக் காத்தன.

என் தமக்கையாருக்கு நேர்ந்ததும் இதனை ஒத்ததே. சென்ற கார்த்திகையில் ஓரிரவு அவர் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். பொத்தானை அழுத்தினார், செவிலி உடனே பேசினாள். கருவியில் யாதொரு குறையும் இல்லை. ஆனால் வாயிற்கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. அடுத்த வீட்டார் எண்ணை எவரும் அவளிடம் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் அயல்நாட்டிலிருந்த மூத்த மைந்தனை எழுப்பினாள். அவன் என்னை எழுப்பினான். யான் எழுபது கிலோமீட்டர் கடந்து சென்று சேர்வதற்குள் இரண்டு மணி நேரம் கழிந்தது. அவ்விரண்டு மணி நேரமும் அப்பெண் தமக்கையாரை உறங்கவிடாது, அவர்தம் இளமைக் கதைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, உயிர் தங்கிற்று. அன்று முதல் அவளைச் செவிலி அல்லள் என்று கூற எனக்கு நாவெழவில்லை. பக்கம் என்பது அடிக்கணக்கால் மட்டும் அளக்கப்படுவதன்று போலும்.

ஆயினும் ஒன்றை ஒளியாது கூறுவேன். கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டதனாலேயே கடன் தீர்ந்தது என எண்ணும் மைந்தர் பலர். சுவரில் பொருத்திய படக்கருவியில் தாயைக் காண்கின்றனர். காண்டல் பேணுதல் ஆகாது. தமிழக அரசு 2021 ஆகத்து 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகளை ஊழியர் வீட்டிற்கே கொண்டுவந்து தருகின்றனர். அங்ஙனம் வருபவர் கிழவியின் முகத்தையும் காண்கிறார், அடுப்பு எரிந்ததா என்பதையும் காண்கிறார். தொலைச் செவிலியும் இவ்வூழியரும் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் வேண்டும். பொத்தானை மாட்டும் நாளிலேயே அருகிலுள்ளார் இருவர் பெயர் எழுதப்படுதல் வேண்டும். அது செய்யாத நிறுவனத்திற்குப் பணம் கட்டுதல் வீண் என்பது என் துணிபு.

தமக்கையார் இப்பொழுது கோலூன்றி நடக்கிறார். உள்தாழைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டு ஒன்றை அமைத்துள்ளோம். அதன் இரண்டாம் திறவுகோல், ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் எதிர்வீட்டுச் சிறுமியிடம் இருக்கிறது. செவிலியின் ஏட்டில் முதலில் எழுதப்பட்டிருப்பது அவள் வீட்டு எண். என் எண் மூன்றாவது.