விற்ற காரோடு போன திறப்பு



முன்னர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கனடாவின் டொரன்டோ நகருக்கு அருகில் மனைவி மக்களோடு வாழ்ந்து வருகின்றார். சென்ற மாதம் ஒருநாள் சுபஹுத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து தேநீரைக் கையில் எடுத்த வேளையில் அவரிடமிருந்து டெலிபோன் வந்தது. அங்கே அப்போது முன்னிரவு. குரலில் பதற்றம் தெரிந்தது.

"ஹஸரத், பழைய காரை விற்று இரண்டு கிழமையாகிறது. இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. வீட்டுத் திறப்பும் அந்தக் காரோடு போய்விட்டது."

"பூட்டை மாற்றினால் சரிதானே, இதற்கு ஏன் இவ்வளவு கலக்கம்?" என்று கேட்டேன். அதன் பிறகுதான் அவர் விடயத்தை விளக்கினார்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வீடுகளில் கார் நிறுத்தும் கராஜ் வீட்டோடு ஒட்டியே இருக்கும். அதிலிருந்து வீட்டுக்குள் செல்ல ஒரு உள்கதவும் உண்டு. கராஜின் பெரிய கதவை மேலே தூக்குவதும் இறக்குவதும் கூரையில் தொங்கும் ஒரு மோட்டார். அதற்குரிய ரிமோட்டைப் பையில் கொண்டு திரியத் தேவையில்லாதபடி காரின் கண்ணாடியிலோ வெயில் மறைப்பிலோ மூன்று பொத்தான்களைப் பதித்து விடுகின்றார்கள். 'ஹோம்லிங்க்' என்பது இவற்றில் பெயர் பெற்றது. 1990களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த இந்த ஏற்பாடு இன்று பல நிறுவனங்களின் கார்களில் வருகின்றது.

இந்தப் பொத்தானுக்குத் தானாக எந்தக் கதவையும் தெரியாது. நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில், வீட்டு ரிமோட்டைப் பொத்தானுக்கு ஓரிரு அங்குலத் தூரத்தில் பிடித்து இரண்டையும் ஒன்றாக அழுத்த வேண்டும். மெதுவாக மின்னும் சிறு விளக்கு வேகமாக மின்னினால் பாடம் ஏறிவிட்டது என்று பொருள். கனடாவில் ரிமோட்டின் அலை சில செக்கன்களில் நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே அங்கே காரின் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு, ரிமோட்டை மட்டும் இரண்டு செக்கனுக்கு ஒரு முறை விட்டு விட்டு அழுத்துவார்கள்.

பழைய மோட்டார்களுக்கு இவ்வளவே போதும். ஏனெனில் அவற்றின் இரகசிய எண் என்றும் மாறாது. அந்த அலையைப் பதிவு செய்துகொண்ட திருடனும் கதவைத் திறக்கலாம். இதற்காகவே 1990களின் நடுப்பகுதியில் ஒவ்வொரு தடவையும் எண் மாறும் முறை வந்தது. ஒரு முறை பயன்பட்ட எண்ணை மோட்டார் மறுபடி ஏற்காது. இத்தகைய மோட்டார் என்றால் இன்னுமொரு வேலை உண்டு. மோட்டாரில் உள்ள 'கற்கும்' பொத்தானை ஒரு முறை அழுத்திவிட்டு, 30 செக்கனுக்குள் காருக்கு வந்து அதன் பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டும்.

ஆனால் சிந்தித்துப் பாருங்கள். எண் மாறினால் என்ன? அந்தக் காரே மோட்டார் ஏற்றுக்கொண்ட திறப்பாக இருக்கின்றதே! விற்ற காரில் பழைய பாடம் அழியாமல் இருந்தால், அதை வாங்கியவர் அந்த வீட்டு வாசலில் நின்று அழுத்தினால் கதவு திறக்கும். வாங்கியவரிடம் வீட்டு முகவரியும் இருந்தது. என் மாணவரின் பதற்றம் நியாயமானதே.

"இது எனது துறையல்ல தம்பி. இந்தக் கதவுகளைப் பூட்டித் தருபவர் ஒருவரிடம் உடனே கேளுங்கள்" என்றேன். மறுநாள் ஆறுதலோடு பேசினார். காரைத் தேடி அலையத் தேவையில்லையாம். பல மோட்டார்களில் அதே 'கற்கும்' பொத்தானை விளக்கு அணையும்வரை சில செக்கன்கள் அழுத்திப் பிடித்தால், அது அறிந்த எல்லா ரிமோட்டுகளையும் மறந்துவிடும். பின்னர் நம்மிடமுள்ளவற்றை மட்டும் புதிதாகக் கற்பித்துக்கொள்ளலாம்.

காரை விற்கு முன்னரே செய்ய வேண்டியது இன்னும் இலகுவானது. மூன்று பொத்தான்களில் இரு ஓரத்துப் பொத்தான்களையும் விளக்கு வேகமாக மின்னும்வரை ஒன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். புதியவற்றில் ஏறத்தாழ 10 செக்கன், பழையவற்றில் 20 செக்கன். எல்லாப் பாடமும் அழிந்துவிடும்.

பாவித்த கார் வாங்குவோருக்கும் இதில் பங்குண்டு. வண்டி கைக்கு வந்ததும் முதலில் இதைச் செய்து விடுங்கள். பிறர் வீட்டுத் திறப்பு நம்மை அறியாமலே நம் கைக்கு வந்தாலும் அது அமானிதமே. திறந்து பார்க்கும் ஆவலுக்கு அங்கே இடமில்லை.

பேச்சோடு பேச்சாக, இறங்கும் கதவுக்குக் கீழால் தன் பிள்ளைகள் ஓடி விளையாடுவதாகவும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இக்கதவுகளில் சிக்கிக் குழந்தைகள் மரணித்த காரணத்தால்தான், 1993 ஜனவரி முதல் தயாரிக்கப்படும் வீட்டு மோட்டார்களில் மேலதிகப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் செய்தது. வாசலின் இரு பக்கமும் நிலத்திலிருந்து 6 அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் இருக்கும் மின்கண்கள் அதற்காகவே. இடையில் யாரும் வந்தால் கதவு திரும்ப மேலே போகும். மாதத்துக்கு ஒரு முறை, ஒன்றரை அங்குலத் தடிப்பான பலகையைக் கீழே படுக்க வைத்துக் கதவை இறக்கிப் பாருங்கள். பலகையைத் தொட்டதும் கதவு மேலே திரும்பாவிட்டால், திருத்தும்வரை அதைப் பாவிக்க வேண்டாம். கதவு முழுவதும் மூடும்வரை கண்ணால் பார்த்த பின்னரே காரை எடுங்கள். பொத்தான் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளல்ல.

குளிர் நாடுகளில் உள்ளோருக்கு மேலும் ஒரு சொல். கராஜுக்குள் காரை இயக்கிச் சூடாக்க வேண்டாம். கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உள்கதவு வழியாக வீட்டுக்குள் நுழைந்து தூங்குபவரின் உயிரையே பறித்துவிடும்.

நமது ஊர்களிலும் ரிமோட்டில் திறக்கும் கேட்டுகள் பெருகி வருகின்றன. வீடு மாறும்போதும், வாகனம் கைமாறும்போதும், வேலையாள் விலகும்போதும், "யாரிடமெல்லாம் நம் திறப்பு இருக்கின்றது?" என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் திறப்புகளை எண்ணுவது இலகு. தெரியாதவற்றையும் சேர்த்து எண்ணுங்கள்.