கையை விட்டாலும் கவனத்தை விடாதே!

பம்பரம் விட்டு விளையாடாதவர் நம்மில் யார்? வேகமாகச் சுற்றும்வரை நேராக நிற்கும். வேகம் குறைந்தால் தலை சாயும். வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளாது. இந்தச் சின்ன உண்மையை நம்பி ஒரு கம்பெனியே தொடங்கினார் அமெரிக்காவின் எல்மர் ஸ்பெர்ரி. 1910-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த ஸ்பெர்ரி ஜைரோஸ்கோப் கம்பெனிதான் அது.

முதலில் கப்பல்கள். இரும்புக் கப்பலில் காந்த ஊசி தடுமாறும், ஜைரோ திசைகாட்டி தடுமாறாது. 1911-ல் டெலாவேர் என்ற போர்க்கப்பலில் அதைச் சோதித்தார்கள். ஆனால் எல்லாப் பெருமையும் ஸ்பெர்ரிக்கே என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மனியின் அன்ஷூட்ஸ்-கெம்ஃபே அதை முன்பே செய்திருந்தார். காப்புரிமை வழக்கும் நடந்தது. அதில் நிபுணராகக் கருத்துச் சொன்னவர் யார் தெரியுமா? ஐன்ஸ்டீன்!

அடுத்து ஆகாயம். 1914 ஜூன் 18 அன்று பாரிஸ் அருகே சேன் நதிக்கு மேல் பறந்த எல்மரின் மகன் லாரன்ஸ், இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். கூட வந்த மெக்கானிக் இறக்கையின் மேல் நடந்தார். அப்படியும் விமானம் கவிழவில்லை, ஜைரோ சமன் செய்தது. 1933-ல் விலி போஸ்ட் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்தபோதும் ஸ்பெர்ரியின் தானியங்கிதான் துணை.

1955-ல் ரெமிங்டன் ராண்டுடன் இணைந்து ஸ்பெர்ரி ராண்ட் ஆனது. 1986-ல் பரோஸுடன் சேர்ந்து யூனிசிஸ் ஆனது. விமானக் கருவிப் பிரிவு ஹனிவெல்லுக்குப் போனது. பெயர் மறைந்தாலும் அந்த யோசனை மறையவில்லை.

"எல்லாம் தானாகவே நடக்கிறதே, விமானி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2009-ல் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ஐ நினைத்துப் பாருங்கள். வேகம் அளக்கும் குழாய்களை பனிக்கட்டி அடைத்ததும் தானியங்கி விலகிக்கொண்டது. திடீரென்று விமானத்தைக் கையில் வாங்கிய விமானிகளால் சமாளிக்க முடியவில்லை. 228 உயிர்கள் போயின.

என் கருத்து இதுதான். தானியங்கி வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது இல்லாமல் ஓட்டும் பயிற்சியும் விமானிக்கு அடிக்கடி கிடைக்க வேண்டும். அன்று லாரன்ஸ் விட்டது கையை மட்டும்தான், கவனத்தை அல்ல. தேவைப்பட்டால் உடனே பிடிக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவரால் துணிந்து விட முடிந்தது. பிடிக்கத் தெரியாதவன் கையை விடுவது வித்தையல்ல, விபரீதம்!