நாய்க்கடிக்கு என்னிடம் வராதீர்கள்!



தலைப்பைப் பார்த்ததும் "என்ன இது, ஒரு வைத்தியரே வீட்டுக்கு வர்ற நோயாளியைத் துரத்துறாரே!" என்று நினைப்பீர்கள். ஆமாம், துரத்தத்தான் போகிறேன். முழுவதும் படித்துவிட்டு, நான் செய்வது சரியா தவறா என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் சித்த மருத்துவன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் முறையாகப் படித்தவன். அதற்கும் முன்பே வைத்தியம் எங்கள் குடும்பத்தில் உண்டு. என் தாத்தா காரைக்கால் பக்கத்தில் நிரவியில் பெயர் எடுத்த நாட்டு வைத்தியர். நாய்க்கடிக்கு மருந்து கொடுப்பதில் அவருக்குத் தனிப் பெயர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரே வேளை மருந்து. உப்பு, புளி தள்ளி ஒரு வாரம் பத்தியம். காசு வாங்க மாட்டார். நாகப்பட்டினம், தரங்கம்பாடியிலிருந்தெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம்.

அதனால் இன்றைக்கும் மாதம் ஒருவராவது என் வாசலில் வந்து நிற்கிறார்கள். "வைத்தியரய்யா, பையனை நாய் கடிச்சிடுச்சு. உங்க தாத்தா கொடுப்பாரே, அந்த மருந்தைக் கொடுங்க" என்பார்கள். "என்கிட்ட அந்த மருந்து இல்லை. ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்க" என்பேன். சிலருக்குக் கோபம் வந்துவிடும். "காலேஜுல படிச்சிட்டாரில்ல, தாத்தா மருந்து எளக்காரமாப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

அவர்கள் கோபத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. 'தாத்தா மருந்து சாப்பிட்டவர்கள் எல்லோரும் நன்றாகத்தானே இருந்தார்கள்?'

இதற்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

தாத்தாவின் மருந்து ஏன் 'பலித்தது'?

நம்மைக் கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறிநோய் கிடையாது. குட்டி போட்ட நாய் கடிக்கும், வாலை மிதித்தால் கடிக்கும், மிரண்டாலும் கடிக்கும். அந்தக் கடியெல்லாம் வெறும் புண்தான். இரண்டாவது விஷயம், வெறிநாயே கடித்தாலும் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. எந்த இடத்தில் கடித்தது, எவ்வளவு ஆழம், எவ்வளவு உமிழ்நீர் உள்ளே இறங்கியது, வேட்டியோ பேன்டோ தடுத்ததா என்பதைப் பொறுத்தது அது.

ஆகவே தாத்தாவிடம் வந்த நூறு பேரில் மிகப் பெரும்பாலோர் மருந்தே சாப்பிடாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். அவர்கள் வருடா வருடம் மாங்கனித் திருவிழாவுக்கு வரும்போது தாத்தாவைப் பார்த்து, பழத்தட்டு கொடுத்து, கும்பிட்டுப் போவார்கள். இறந்துபோன ஒன்றிரண்டு பேர்? அவர்கள் திரும்பி வந்து புகார் சொல்ல முடியாதே! 'பத்தியம் தப்பிட்டான்' என்று ஊரே முடித்துவிடும். தாத்தா யாரையும் ஏமாற்றவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்த கணக்கில் பிழைத்தவர்கள் மட்டுமே இருந்தார்கள்.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மனிதர் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார்.

நான் கிளினிக் போட்ட புதிது. நாற்பது வயதிருக்கும், தென்னை மரம் ஏறும் தொழிலாளி. இடது காலில் மதமதப்பு, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று வந்தார். நாடி பார்த்தேன். வாதம் என்று முடிவு செய்து தைலம் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் அவர் மனைவி ஓடி வந்தார். "அய்யா, தண்ணி குடிக்க மாட்டேங்குறாரு. டம்ளரைப் பார்த்தாலே தொண்டையைப் புடிச்சுக்கிட்டு அலர்றாரு."

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. "நாய் ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம் முன்னால குட்டி நாய் ஒண்ணு காலைக் கவ்விச்சு. லேசான கீறல்தான். நம்ம பெரியய்யா மருந்துதான் வாங்கிக் கொடுத்தோம்."

தாத்தா காலமான பிறகு, அவரிடம் கூட இருந்த ஒருவர் அதே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மருந்தை நம்பித்தான் இவர் ஊசி போடாமல் விட்டிருக்கிறார். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. மூன்று பிள்ளைகள். 'நாய் கடித்ததா?' என்று முதல் நாளே நான் கேட்டிருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பது மருத்துவ உண்மை. ஆனால் எங்கள் வீட்டு மருந்தின் பெயரால் ஒரு உயிர் போனது என்பதும் உண்மைதானே? அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்தத் தலைப்பு.

உள்ளே என்ன நடக்கிறது?

வெறிநோய்க் கிருமி ஒரு வைரஸ். துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் இருக்கும். வெறிநாயின் உமிழ்நீரில் வந்து, காயத்தின் வழியே தசைக்குள் இறங்குகிறது. மற்ற கிருமிகளைப் போல ரத்தத்தில் கலந்து ஓடினால் நம் உடம்பின் காவல் படை கண்டுபிடித்துவிடும். இது நரம்பு நுனியைப் பிடித்துக்கொண்டு, நாளுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் சத்தமில்லாமல் முதுகுத்தண்டை நோக்கி ஏறுகிறது. அங்கிருந்து மூளை. மூளையிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பி.

பொதுவாக இந்தப் பயணத்துக்கு ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சில சமயம் ஒரு வாரத்திலும் வரும், ஒரு வருடம் கழித்தும் வரும். இந்த இடைவெளிதான் ஆண்டவன் நமக்குக் கொடுத்த அவகாசம். அதற்குள் தடுப்பூசி முந்திவிட்டால் உயிர் நிச்சயம். வைரஸ் மூளைக்குப் போய் அறிகுறி தெரிந்துவிட்டால் மரணம் ஏறக்குறைய நிச்சயம். 2004ல் அமெரிக்காவில் வௌவால் கடித்த 15 வயதுப் பெண் ஒருத்தியைச் செயற்கை மயக்கத்தில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். உலகமே வியந்தது. ஆனால் அதே சிகிச்சையைப் பிறகு எத்தனையோ பேருக்குச் செய்து பார்த்தும் பெரும்பாலும் தோல்விதான்.

நம் முன்னோர்களும் இதை அறியாதவர்கள் அல்ல. நோய்களைத் தீரும் நோய், தீரா நோய் என்று பிரித்து வைத்தவர்கள் அவர்கள். வெறிநாய் கடித்தவன் நீரைக் கண்டு அஞ்சத் தொடங்கினால் பிழைக்க மாட்டான் என்று சுசுருதர் அன்றே எழுதி வைத்தார். தீராது என்பதைத் தீராது என்று சொல்லும் நேர்மையும் வைத்திய சாஸ்திரத்தில் சேர்ந்ததுதான். அழிஞ்சில், ஊமத்தை என்று நாய்க்கடிக்குச் சொல்லப்பட்ட மூலிகைகளும் உண்டு. ஆனால் ஊமத்தை அளவு தவறினால் அதுவே ஆளைக் கொல்லும். தடுப்பூசி இல்லாத காலத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு போராடினார்கள். இன்றைக்கு அந்த நிலைமையா நமக்கு?

நம் காரைக்காலுக்கும் பாஸ்டருக்கும்...

1885 ஜூலை 6. பாரிஸ் நகரம். வெறிநாய் பல இடங்களில் குதறிய ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை லூயி பாஸ்டரிடம் அழைத்து வந்தாள் அவன் தாய். பாஸ்டர் டாக்டர் அல்ல, வேதியியல் விஞ்ஞானி. அந்தக் காலத்து மைக்ராஸ்கோப்பில் இந்த வைரஸ் தெரியவும் தெரியாது. கண்ணுக்கே தெரியாத எதிரியை அவர் முயலின் முதுகுத்தண்டில் வளர்த்தார். அந்தத் தண்டை உலர்த்தினால் கிருமி நாளுக்கு நாள் வலுவிழக்கிறது என்று கண்டார். இரண்டு வாரம் உலர்த்தியதில் ஆரம்பித்து, படிப்படியாக வீரியத்தைக் கூட்டி 13 ஊசி. பையன் பிழைத்தான்!

அப்போது நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நம் ஊர்க்காரர்கள் பலர் பிழைப்புத் தேடி சைகோன் போனார்கள் அல்லவா? அந்த சைகோனில் 1891லேயே பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. இந்தியாவில் 1900ல் கசௌலியிலும், 1907ல் நம் குன்னூரிலும் தொடங்கினார்கள். குன்னூரில் தொடங்கியதற்கே காரணம், 1902ல் அங்கே வெறிநாய் கடித்த ஓர் இளம் ஆங்கிலப் பெண், கசௌலி வரை போய்ச் சேர முடியாமல் இறந்ததுதான். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் நன்கொடையில் நிலையம் எழுந்தது.

ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. 1911ல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையிலிருந்து ஒரு தடுப்பூசி செய்தார். 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்று நம் அம்மாக்கள் பயமுறுத்துவார்களே, அது இதுதான். வலி ஒரு பக்கம் இருக்க, சிலருக்கு அந்த ஊசியே நரம்புத் தளர்ச்சியையும் பக்கவாதத்தையும் உண்டாக்கியது. அதனால்தான் 2004 இறுதியோடு இந்தியாவில் அதை நிறுத்தினார்கள். இப்போது போடுவது ஆய்வுக்கூடத்தில் செல்களில் வளர்த்துச் செய்யும் தடுப்பூசி. 2006 முதல் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு கையிலும் போடும் முறைக்கும் அனுமதி வந்தது. முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள். நான்கே தடவை! அரசு மருத்துவமனைகளில் இலவசம். இருந்தும், 2022-23ல் நாடு முழுவதும் நடந்த ஆய்வில், விலங்கு கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் தடுப்பூசியே போடவில்லை என்று தெரிந்தது. ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இந்நோயில் இறப்பதாக அதே ஆய்வு மதிப்பிட்டது.

கடித்தவுடன் என்ன செய்யவேண்டும்?

முதலில் தண்ணீரும் சோப்பும். குழாயைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பாத்திரத்தில் பிசுக்கு கரைவது போல, சோப்பு பட்டால் அந்த உறை கரைந்துவிடும்.

மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், பச்சிலை எதையும் வைக்காதீர்கள். அவை காயத்தைப் புண்ணாக்கிக் கிருமியை இன்னும் உள்ளே தள்ளும். கட்டுப் போடாதீர்கள். தையல் போடுவதையும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும்.

பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காவலுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் போடவேண்டும். "டாக்டர், இம்யூனோகுளோபுலின் வேணுமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. 2022லும் 2025லும் கேரளத்தில் தடுப்பூசி போட்டும் சில குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். முகம், தலை, கைவிரல் போன்ற இடங்களில் நரம்பு அதிகம், மூளைக்கு வழியும் குறுக்கு வழி. அங்கே கடித்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான். பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று பொருள். ஆனால் ஊசியைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கவனிக்காதீர்கள். போட்டுக்கொண்டே கவனியுங்கள். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் கிடையாது. இதைச் சொல்வது பத்தியம் சொல்லியே பழகிய ஒரு சித்த வைத்தியன்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உலக அளவில் சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் கடியை மறைத்து விடுகிறார்கள். "நாய் கீறினாலும் என்கிட்ட சொல்லு, அடிக்க மாட்டேன்" என்று இன்று ராத்திரி சாப்பாட்டின்போதே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, தெருநாய்ச் சண்டை. 2025ல் உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம் இது. நம் மீன் மார்க்கெட்டிலும் கடற்கரைக் குப்பங்களிலும் மீன் கழிவைத் தின்று நாய்கள் பெருகுவது உண்மைதான். அடித்துக் கொன்றால் தீருமா? கோவாவில் 2013லிருந்து வருடா வருடம் நாய்களுக்கே தடுப்பூசி போட்டார்கள். நாய்களில் 70 சதவீதத்துக்குப் போட்டால் நோய் பரவுவது அறுந்துவிடும் என்பது கணக்கு. 2018, 2019 ஆண்டுகளில் அங்கே வெறிநோயால் ஒரு மனிதர்கூட இறக்கவில்லை. கோவா அளவுக்கு வேண்டாம், சின்னஞ்சிறு காரைக்காலுக்கு இது முடியாதா என்ன? நகராட்சியும் கால்நடைத் துறையும் மனம் வைக்கட்டும். நம் வீட்டு நாய்க்கு வருடம் தவறாமல் ஊசி போட்டு நாமும் பங்கைச் செய்வோம்.

சித்த மருத்துவத்தை நான் கைவிட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூட்டு வலிக்கு வாருங்கள், மூலத்துக்கு வாருங்கள், நாள்பட்ட சளிக்கு வாருங்கள், என் சாஸ்திரத்தை நம்பி வைத்தியம் பார்க்கிறேன். நாய்க்கடிக்கு மட்டும் வராதீர்கள். வந்தாலும் என் கிளினிக் வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆட்டோவில் ஏற்றி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவேன். ஆட்டோ காசு என்னுடையது.

நாய்க்கடிக்கு நான் கொடுக்கும் மருந்து அது ஒன்றுதான்.