மீட்டார்களாம் கலையை!

பரத நாட்டியத்தை மீட்டார்களாம்! சேற்றிலே கிடந்ததாம் செந்தாமரை. செல்வச் சீமாட்டிகள் கையிலெடுத்துக் கழுவி, சபாவிலே வைத்தனராம். ஜவ்வாது மலையடிவாரத்துத் திருப்பத்தூரிலே பள்ளி ஆண்டு விழாவுக்குச் சலங்கை கட்டும் சிறுமிக்கும் இந்தக் கதைதான் போய்ச் சேருகிறது. ஆதியிலே முனிவர் அருளினார். இடையிலே இழிந்தவர் கெடுத்தனர். இறுதியிலே உயர்ந்தவர் மீட்டனர்!

யார் அந்த இடைக்காலத்து 'இழிந்தவர்'? பெயரைச் சொல்ல ஏன் நா எழவில்லை?

நாம் சொல்லுவோம், தோழர்களே. தஞ்சாவூர் பாலசரஸ்வதி என்று ஒரு பெண். 1918இல் சென்னையிலே பிறந்தவர். பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜயம்மாள், மகள் ஆட மேடையிலே தானே பாடிய தாய். பாலருக்கு ஆடல் பயிற்றியவர், தஞ்சை நால்வர் மரபிலே வந்த கண்டப்பா பிள்ளை. கண்டிப்புக்குப் பெயர்போன ஆசான். 1925இல், ஏழாவது வயதிலே, காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். எந்த முனிவரும் வந்து தாளம் தட்டவில்லை! அடவு பிறழாமல் நிற்க அந்தப் பிஞ்சுக் கால்கள் பட்ட பாடு அது. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் சேர்த்த உழைப்பு அது.

பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிந்தே தீரவேண்டும் என்று முழங்கியவர்கள் நாம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊரூராய் அலைந்தார்; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே வாதாடினார்; 1947இல் சட்டம் வந்தது. வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் அச்சட்டம் தடுத்தது எதை? ஆண்டவன் பெயரால் பெண்ணை நேர்ந்துவிடுவதை. கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதை. சபா மேடையைத் தடுத்ததா? இல்லை. அந்தக் கதவைச் சட்டம் சாத்தவில்லை, சாதி சாத்திற்று! சதிர் என்றால் இழிவாம். அதையே உயர்குடிப் பெண் ஆடினால் பரத நாட்டியமாம், தெய்விகமாம். 1935இல் அடையாற்றிலே ருக்மிணிதேவி ஆடினார். அவருக்குக் கற்பித்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும். கற்றது குற்றமன்று, கலை எவர்க்கும் பொது. கற்பித்தோரைக் கதையிலிருந்து கழற்றி எறிந்ததுதான் குற்றம்.

கழுவினோம் என்கிறார்களே, கழுவியது எதை? சிருங்காரத்தை! காதல் ஆபாசமாம். முப்பாலுள் ஒரு பாலையே இன்பத்துக்கு ஒதுக்கியவன் வள்ளுவன். அகம் பாடி வளர்ந்தது இந்த இனம். அந்த மண்ணிலே நின்றுகொண்டு காதலுக்கு நாணுவதா? பாலர் நாணவில்லை. ஒரே அடியைப் பாடிப் பாடி, ஒவ்வொரு முறையும் புதுப்பொருள் கண்டு, முகத்தாலும் விரலாலும் அந்த இடத்திலேயே அபிநயம் படைத்தார். எழுதி வைத்து ஒப்பித்ததன்று. சிருங்காரமே இக்கலையின் உயிர் என்று 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டிலே தலைமை தாங்கி உரைத்தார்.

"அவர் பக்தையாயிற்றே, நமக்கென்ன?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். ஆம், பக்தைதான். கண்ணனை அழைக்கும் கன்னடப் பாடலுக்கு அவர் ஆடியதைச் சத்யஜித் ராய் 1976இல் படமாக்கினார். அந்தக் கண்ணனை நாம் நம்ப வேண்டியதில்லை. குழந்தையை அழைக்கும் தாயின் கை அங்கே தெரிகிறதே, அதை நம்பக் கண்ணிருந்தால் போதும். பகுத்தறிவாளன் கலையை வெறுப்பவன் என்று எவன் சொன்னான்?

1961இல் தோக்கியோ, 1962இல் அமெரிக்கா, 1963இல் எடின்பரோ. வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலே அமெரிக்க மாணவர்கள் அவர் முன் அமர்ந்து கற்றனர். சென்னையிலோ 1973இல்தான் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருதை அளித்தது. முறைப்படி இசைக்கலைஞர்க்குரிய விருது. ஆடல் மகளுக்கும் கொடுத்தாக வேண்டிய நிலை! 1984 பிப்ரவரி 9இல் அவர் மறைந்தார்.

மீட்டோம் என்று மார்தட்டுவோரை இனி ஒன்று கேளுங்கள், இளைஞர்களே: எந்த வீட்டிலிருந்து மீட்டீர்கள்? அந்த வீட்டுப் பெண்களின் பேத்திகள் இன்று எங்கே? மார்கழியிலே சென்னைச் சபாக்களின் நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனை பேர் அதிலே இருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.